சம்பளம் காணுமா?

1

சென்ற மாதம் விசா புதுப்பிக்கப் போயிருந்தேன். இது பத்தாவது முறை. டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் அரைநாள் உட்கார்ந்து, எண் வந்ததும் எழுந்து போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். கம்பெனி கொடுத்த கடிதத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு நல்ல தமிழில் கேட்டார்.

"பத்து வருசமா இங்கதானா? சம்பளம் காணுமா மிஸ்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பிள்ளைமேல் ஒரு கோபமும் இல்லை. போன வருடம் முழுக்க இதே கேள்வியை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குள் ஏதோ புளித்துப்போயிருந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லை விளக்கிவிடுகிறேன். நம் ஊரில் "காணும்" என்றால் பார்க்கும். "காணோம்" என்றால் தொலைந்துபோனது. இலங்கைத் தமிழில் காணும் என்றால் போதும். இது தெரியாமல் நான் வெள்ளவத்தைக்குக் குடிவந்த புதிதில் வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "உங்களுக்குச் சம்பளம் காணுமோ?" என்று கேட்டார். சம்பளம் காணோமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "இல்லைங்க, இல்லைங்க, ஒண்ணாம் தேதியே வந்துருச்சு" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒரு பை நிறைய மரக்கறி வந்தது. சம்பளம் வந்த கையோடு போதாமல் தவிக்கிற இந்தியக் குடும்பம் என்று அந்த ஒழுங்கை, அதாவது சந்து முழுவதும் பேச்சு. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நான் கோமதி. பாளையங்கோட்டைக்காரி. திருப்பூர்க்காரர்கள் நடத்தும் ஓர் ஆடை ஏற்றுமதிக் கம்பெனியின் கொழும்புக் கிளையில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் துணி வாங்குகிறவருக்கும் இங்கே தைக்கிற தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கொட்டாஞ்சேனையில், ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேலே இரண்டு மாடி. என் கணவர் சுந்தரத்தின் விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று முத்திரை குத்தியிருக்கிறது. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் இங்கே சமைக்கிறார், மகளைப் பார்த்துக்கொள்கிறார். மகள் அபிராமிக்குப் பதினாறு வயது.

ஊர்ச் சொந்தங்களும் கணக்குப் பார்க்கிறவர்கள்தான். போன முறை ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தபோது சித்தப்பா மகன் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கொழும்புங்கிறது வெளிநாட்டுக் கணக்குல சேருமாக்கா?" என்று கேட்டான். அவன் தம்பி ஹூஸ்டனில் இருக்கிறான். அவன் மச்சான் பெங்களூரில். ஆளுக்கு எவ்வளவு என்று சாம்பார் ஊற்றுகிறவர் காதுபடச் சொல்லிவிட்டு, என் தொகைக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்பளம் கேட்டேன்.

2

ஆபீஸில் எனக்கு எதிர் மேசை சுகந்திக்கு. யாழ்ப்பாணத்துக்காரி, கிருலப்பனையில் வாடகை வீடு. என்னைவிட இரண்டு வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே பதவி, ஒரே வேலை. நான் ஜெர்மனிக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறேன், அவள் இங்கிலாந்துக்காரர்களை. நான் லீவில் போனால் என் ஆர்டர்களை அவள் பார்ப்பாள். அவள் போனால் நான். உண்மையைச் சொன்னால் நிறம் பார்ப்பதில் அவள் கண் என் கண்ணைவிடக் கெட்டி. சாயம் போட்டு வந்த துண்டுத்துணியை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடிப்பாள். "இது திரும்பி வரும் அக்கா" என்பாள். திரும்பி வரும்.

பெற்றோலுக்கும் கேஸுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அப்போது இலங்கை ரூபாய் சரிந்து விழுந்தது. என் சம்பளத்தில் பெரும்பகுதி டாலர் கணக்கில் வெளிநாட்டு அலவன்ஸாக வந்துகொண்டிருந்ததால் ஒரே இரவில் நான் பணக்காரியானேன். நான் கூடுதலாக ஒரு பொத்தான்கூடத் தைத்துக் கொடுக்கவில்லை. சுகந்தியின் சம்பளம் ரூபாயில். அது அப்படியே இருந்தது. அதைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசியும் பால்மாவும்தான் பாதியானது.

அவள் எப்போதும் வெள்ளிக்கிழமை விரதம். அந்த வருடம் செவ்வாயும் விரதமானது. பிறகு திங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேத்தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு மேசையிலேயே இருப்பாள். நான் என் டப்பாவை நீட்டினால், "வேண்டாம் அக்கா, விரதம்" என்பாள். ஒருநாள், "எந்தச் சாமிக்கு சுகந்தி?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "கரண்ட் பில் சாமிக்கு" என்றாள். அன்றிலிருந்து சுந்தரம் எனக்கு இரண்டு டப்பா கட்டிக் கொடுப்பார். இரண்டாவதை அவள் மேசையில் வைத்துவிட்டு நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள்.

பின்னால் நிலைமை கொஞ்சம் தேறியது. கடைகளில் சாமான் வந்தது. விலை இறங்கவில்லை. அவள் சம்பளம் கொஞ்சம் ஏறியது, மூச்சுவிடுகிற அளவுக்கு.

3

போன வருடம் இன்கிரிமென்ட் போடும் சமயத்தில் எங்கள் ஜெனரல் மேனேஜர் வெங்கடேசன் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். என்னைப் போலவே அங்கிருந்து அனுப்பப்பட்டவர். தனியாகக் கூப்பிட்டால் "நம்ம ஆளு" என்று ஆரம்பிப்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும்.

"கோமதி, நம்ம ஆளுன்னுதான் சொல்றேன். லோக்கல் ஸ்டாஃப் எல்லாம் சம்பளம் பத்தலைன்னு முணுமுணுக்குறாங்க. சுகந்தி எழுதியே கொடுத்துட்டாங்க, இவ்வளவு வேணும்னு. அவ்வளவெல்லாம் கம்பெனி தாங்காதுங்க. அதுக்குத்தான் ஒரு கன்சல்டன்ட் வெச்சு மத்த கம்பெனிகளோட ஒப்பிட்டுப் பார்த்துட்டோம். நம்ம ஆபீஸ்ல எல்லாரும் மார்க்கெட்டுக்கு மேலதான் வாங்குறாங்க."

"எந்தெந்தக் கம்பெனி சார்?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார். ஏழெட்டுப் பெயர். இரண்டு, தையல்காரர்கள் பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைகள். ஒன்று, புறக்கோட்டையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மொத்தமாக விற்கிற கடை. எனக்கு அந்தக் கடை தெரியும். அபிராமிக்கு அங்கேதான் யூனிஃபார்ம் எடுக்கிறோம்.

"அங்க மெர்ச்சண்டைசர் இருக்காங்களா சார்?"

"கணக்கு எழுதுற பொண்ணு ஒண்ணு இருக்குல்ல? கிட்டத்தட்ட அதே மாதிரி வேலைதானே."

கப்பல் தவறினால் லட்சக்கணக்கில் நஷ்டமாகிற ஆர்டர்களைப் பார்க்கிறவளை, கல்லாவுக்குப் பக்கத்தில் பில் எழுதுகிற பெண்ணோடு நிறுத்தி எடை போட்டிருக்கிறார்கள். பில் எழுதுகிற பெண்ணுக்கும் அது அநியாயம். அவளுக்குக் கொடுப்பது போதுமா என்று யாரும் யோசிக்கவில்லை, அவளை அளவுகோலாக்கிவிட்டார்கள்.

"மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். "நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க அவங்களோட ஒண்ணாச் சாப்பிடுறவங்க. மத்த இடத்தோட பார்த்தா இங்க நல்ல சம்பளம்தான்னு நீங்க சொன்னா அடங்கிருவாங்க."

நான் சொல்ல மாட்டேன் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, அன்று முழுக்க அவள் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை.

4

சாயங்காலம், சுகந்தி வேறு பஸ் மாறுகிற இடம்வரை, இரண்டு பேரும் ஒரே பஸ்தான். அன்று காலி வீதியில் ஒரே நெரிசல். கண்டக்டர் எல்லோரையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். எங்களுக்கு எப்படியோ கடைசி சீட் கிடைத்தது. பம்பலப்பிட்டி வரும்வரை அவள் ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பினாள்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். கோவிக்கக் கூடாது."

"கேளு."

"உங்களுக்கு மொத்தமா எவ்வளவு வருது? சொல்ல விருப்பமில்லையெண்டா விடுங்கோ. நாங்கள் சம்பளம் கதைக்கக் கூடாதெண்டு அப்பொயின்ட்மெண்ட் லெட்டரிலயே போட்டிருக்கு. எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். சொன்னால் வேலை போகலாம். வேலை போனால் விசா போகும். விசா போனால் அபிராமியின் படிப்பு நடுவில் நிற்கும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே நான் தொகையைச் சொன்னேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது? என் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவள்; என் ஆர்டரைத் தன் ஆர்டர் மாதிரி பார்க்கிறவள்.

அவள் உதடு மெல்ல அசைந்தது. மனதுக்குள் வகுத்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அவளுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

"மூண்டு பேர் செய்யிற வேலையோ அக்கா நீங்கள் செய்யிறியள்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலியில்லை. சிரிக்காவிட்டால் பஸ்சில் அழ வேண்டியிருக்கும், அதனால் வந்த சிரிப்பு. தன் நிறுத்தம் வருமுன்னே எழுந்துவிட்டாள். படியில் இறங்கும்போது திரும்பி, "மீட்டிங்கில நான் இதைச் சொல்லலாமோ?" என்றாள். பின்னால் நின்றவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சொல் என்று தலையசைத்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது சுந்தரத்திடம் சொன்னேன். "சரிதான். சொன்னதுதான் சரி" என்றார். ஆனால் அவர் கண் சுவரில் ஒட்டியிருந்த அபிராமியின் டியூஷன் அட்டவணைக்குப் போய் வந்தது.

அபிராமி இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இப்போது முழு வெள்ளவத்தைப் பிள்ளை. ஊரிலிருந்து அத்தை போன் பண்ணினால் "ஓம் அத்தை, சுகம்" என்பாள். அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டுச் சிரிப்பார்கள். என்னை நீ என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாளோ தெரியாது. நீங்க, நீங்க என்று மரியாதை கொடுத்தே என்னைத் தள்ளி நிறுத்திவிட்டாள்.

"அப்ப ஏனம்மா எங்கட ஆக்களுக்குக் குறைச்சுக் குடுக்கிறீங்க?" என்றாள்.

"எங்கட ஆளா? யாருடி உங்கட ஆளு?"

"இங்க இருக்கிறவங்க. நானும் இங்கதானே."

"நானாடி சம்பளம் போடுறேன்?"

"உங்கட கம்பனிதானே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வெங்கடேசன் என்னை நம்ம ஆள் என்கிறார். என் மகள் என்னை அவரோடு சேர்த்துவிட்டாள்.

5

மீட்டிங்கில் வெங்கடேசன் திரையில் கட்டம் கட்டமாகக் காட்டினார். மற்றவர்களின் சராசரி தாழ்வான கட்டம். நம்முடையது உயரமான கட்டம். "நல்ல இடத்துல இருக்கோம்" என்று முடித்தார். யாருக்காவது கேள்வி உண்டா என்று பேச்சுக்குக் கேட்டார்.

சுகந்தி எழுந்தாள்.

"சேர், வெளியில இருக்கிற கம்பனியளோட ஒப்பிட்டனீங்கள். இந்த அறைக்குள்ள ஒப்பிடேல்லையே. கோமதி அக்காவும் நானும் ஒரே வேலை. அவவுக்கு என்ர சம்பளத்தைப் போல மூண்டு மடங்கு. நான் அவவைக் குறை சொல்லேல்ல. நான் கேட்டபடியாத்தான் அவ சொன்னவ."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்க்காமல் நேராகவே உட்கார்ந்திருந்தேன். வெங்கடேசன் தண்ணீர் குடித்தார்.

"அது வேறங்க. அது எக்ஸ்பாட் பேக்கேஜ். வீட்டை விட்டு, ஊரை விட்டு வந்திருக்காங்க. அதுக்கான ஈடு அது."

"நானும் வீட்டை விட்டுத்தான் சேர் வந்தனான்" என்றாள் சுகந்தி. "எங்கட வீடு இருந்த இடத்தில இப்ப வீடே இல்லை. அதுக்கு எனக்கு ஒருத்தரும் அலவன்ஸ் தரேல்ல."

வெங்கடேசன் திரையை அணைத்தார். தலைமையகத்துக்குத் தெரியப்படுத்துகிறேன் என்று சொல்லி மீட்டிங்கை முடித்தார்.

தெரியப்படுத்தினார். மூன்று வாரம் கழித்து மறுபடி கூட்டினார்கள். இந்தத் தடவை அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. ஊழியர்கள் சமத்துவம் கேட்டார்கள், கம்பெனி மதிக்கிறது, இனி ஒரே பதவிக்கு ஒரே அளவுகோல் என்றார். ஒரு நொடி எனக்கு நெஞ்சு நிறைந்தது. சுகந்தி என் கையைப் பிடித்தாள். பிறகு அவர் விவரத்தைச் சொன்னார். மெர்ச்சண்டைசர்களுக்கு வெளிநாட்டு அலவன்ஸ் நிறுத்தப்படுகிறது. அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் உள்ளூர் அளவு. அவ்வளவுதான். மேலே ஏற வேண்டியவளை விட்டுவிட்டு, கீழே இறக்கக்கூடியவளை இறக்கிவிட்டார்கள். அந்த ஆபீஸில் அலவன்ஸ் வாங்கிய மெர்ச்சண்டைசர் நான் ஒருத்திதான். மேனேஜர்களின் அலவன்ஸ் பற்றிப் பேச்சே இல்லை.

இரண்டு பேர் கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து "ஹரி, ஹரி" என்று ஒரு குரல். சிங்களத்தில் சரி, சரி என்று அர்த்தம். எனக்கு அவர்கள்மேல் வந்த வெறுப்பு வெங்கடேசன்மேல் வந்ததைவிடக் கொஞ்சம் அதிகம் என்றே சொல்ல வேண்டும். தங்கள் தட்டில் ஒரு பருக்கை கூடவில்லை. என் தட்டில் குறைந்ததில் அவர்களுக்குப் பசி ஆறிவிட்டது.

சுகந்தி என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நான் இதையோ கேட்டனான்?"

"நீ கேட்டது எனக்குத் தெரியும். போய் உட்காரு, அழாத. பார்த்துக்கிட்டு இருக்காங்க."

6

ஊருக்குச் சொன்னேன். அக்கா போனில், "அப்போ என்ன மயித்துக்கு அங்க கிடக்க? மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துரு" என்றாள். அவளுக்கு அது சுலபம். அபிராமிக்கு ஓ.எல். பரீட்சை, நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி, வருகிறது. வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "நீங்க போங்க. நான் ஹொஸ்டல்ல நிண்டு படிக்கிறேன்" என்றாள். போங்க என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் பாருங்கள். சுந்தரம் ஊர்ப் பழைய நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "கோமதிக்கு இப்போ கொஞ்சம் கம்மி பண்ணிட்டாங்க" என்றார். அந்தக் கொஞ்சம் என்ற சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அபிராமியின் இரண்டு டியூஷனை நிறுத்தினோம். கணக்கை அவரே சொல்லிக் கொடுத்தார். வாத்தியார் வேலை அவருக்கு அப்படித் திரும்பக் கிடைத்தது.

ஒருநாள் சுகந்தி ஒரு செய்தியோடு வந்தாள். கொள்ளுப்பிட்டியில் வேறொரு கம்பெனி. இரண்டு மெர்ச்சண்டைசர் வேண்டுமாம்.

"ரெண்டு பேரும் போவம் அக்கா. ஒரே தொகைதான் கேக்கிறது. ஒருத்தரும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

பஸ்சிலேயே தொகையை முடிவு செய்தோம். அவள் வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு. பேராசையில்லை, பிச்சையுமில்லை.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். இன்டர்வியூ செய்த பெண்மணி வாசனையாக, நாகரிகமாக இருந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் தொகையைச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டு, பேனாவை மூடிவிட்டு, சற்று முன்னால் சாய்ந்தார். உங்களுக்கு இந்திய அனுபவம் இருக்கிறது, இதற்கு மேல் இருபது சதவீதம் தருகிறோம் என்றார். பிறகு சிநேகிதமாகக் கண்ணைச் சிமிட்டி, வெளியே இருக்கிறவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றார்.

சேற்றில் காலை வைத்துவிட்ட மாதிரி இருந்தது. வேறு கட்டிடம், வேறு வாசனை, அதே பேச்சு. எழுந்து கதவைத் திறந்தேன். அவரும் அடுத்த ஆளைக் கூப்பிட என் பின்னாலேயே வந்தார். சுகந்தி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சுகந்தி, நாம பேசினதுக்கு மேல இருபது சதவீதம் தர இவங்ககிட்ட பணம் இருக்கு. எனக்குத் தர்றாங்களாம். நீயும் அதையே கேளு."

அதையே ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொன்னேன், அந்தப் பெண்மணிக்கும் விளங்கட்டும் என்று. அவர் முகத்தில் இருந்த சிநேகிதம் வடிந்துபோனது. சுகந்தி எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கூட்டிய தொகையையே கேட்டாளாம்.

அந்த வாரமே அவளுக்கு வேலை கிடைத்தது, கேட்ட தொகைக்கே. எனக்கு ஒரு மெயில் வந்தது: விசா ஏற்பாடுகள் இப்போதைக்குச் சாத்தியமில்லை. இன்டர்வியூவில் விசா பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அவர்கள்.

சுகந்தி போக மாட்டேன் என்றாள். "உங்கள விட்டுட்டு எப்பிடி அக்கா? நீங்கள் சொன்னபடியாத்தான் எனக்குக் கிடைச்சது." நான் நன்றாகத் திட்டினேன். "நீ இங்க இருந்து எனக்கு என்ன ஆகப்போவுது? ரெண்டு பேரும் சேர்ந்து விரதம் இருக்கவா? போ." கடைசி நாள் அவள் எல்லோருக்கும் வடை வாங்கி வந்தாள். கை தட்டிய இரண்டு பேரும் இரண்டிரண்டு எடுத்துக்கொண்டார்கள்.

7

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு, இங்கத்தைய பேச்சில் கதிரைக்கு, வந்தவர் நசார். கொலன்னாவையில் வீடு. தோஹாவில் பல வருடம் இதே வேலை பார்த்துவிட்டு, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பி வந்தவர். அமைதியான மனிதர். முதல் நாள் மதியம் எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருந்தோம். நசார் சோற்றுப் பார்சலைப் பிரித்தார், மூடினார், மறுபடி பிரித்தார்.

"மிஸ், ஒரு விசயம் கேக்கலாமா?" என்று குரலைத் தாழ்த்தினார். "நான் கன காலம் வெளிநாட்டுல இருந்துட்டேன். இங்க இப்ப என்ன ரேட்டு எண்டு தெரியாமத்தான் கையெழுத்து வச்சேன். எனக்குத் தார சல்லி நல்லமா, கொறவா?"

தொகையைச் சொன்னார். ரகசியமாக, வாயருகே கையை வைத்துக்கொண்டு.

சுகந்தி எழுதிக் கேட்டு, கம்பெனி தாங்காது என்று சொல்லப்பட்ட தொகைக்கும் மேலே அது. இப்போது நான் வாங்குவதைப் போல இரண்டு பங்குக்குக் கிட்டே.

"கொறவுதானே மிஸ்?" என்றார் அவர், என் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு. "எனக்கும் அப்பிடித்தான் பட்டிச்சு. முந்தி இருந்த மிஸ்ஸுக்கு இதவிடக் கூடக் குடுத்ததாம். அவங்க வேல சரியில்லையாம், அதான் போகச் சொன்னதாம். வெங்கடேசன் சேர்தான் சொன்னார். நீ நல்லாச் செஞ்சா ஒனக்கும் அந்த அளவுக்குக் கூட்டலாம் எண்டார்."

சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுக்காத சம்பளத்தைக் கொடுத்ததாகச் சொல்லி, அவள் வேலையையும் அழுக்காக்கி, அதையே வைத்து இந்த மனிதரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். இடது கையால் போனை எடுத்து சுகந்தியைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தேன்.

"சுகந்தி, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. இங்க நீ கடைசியா வாங்கின சம்பளம் எவ்வளவு?"

"ஏன் அக்கா?"

"சொல்லு."

அவள் சொன்னாள். நசார் பார்சலிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுற்றியிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். நான் என் தொகையைச் சொன்னேன். பிறகு நசாரைப் பார்த்தேன்.

"இப்போ நீங்க சொல்லுங்க நசார். சத்தமா."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, போனைப் பார்த்துச் சொன்னார்.



"அக்கா" என்றாள் சுகந்தி மெதுவாக. "அது, நான் இருந்த அதே கதிரைக்கோ?"

நசார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.